ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் என்ன? டொபீக்கா ஊரை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்ட கையோடு அடுத்ததாகக் கேட்பது, "எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்?" ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கு இந்தப் பேச்சு விளங்குவதில்லை. டிஸ்ட்ரிக்ட் என்றால் நமக்கு மாவட்டம். கலெக்டர் இருப்பார், தாலுகாக்கள் இருக்கும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். ஒரே தெருவில் இந்தப் பக்கத்து வீடு ஒரு மாவட்டம், எதிர் வீடு இன்னொரு மாவட்டம் என்றால் எப்படி நம்புவது? பள்ளி மாவட்டத்தில் அது சாதாரணமாக நடக்கும்.

கலெக்டர் மாவட்டத்தை முதலில் மறந்துவிடுங்கள். பள்ளி மாவட்டம் என்பது பள்ளிக்கூடம் நடத்துவதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒரு குட்டி அரசாங்கம். அதற்கென்று ஓர் எல்லைக்கோடு, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு வாரியம், வரி போடும் அதிகாரம் எல்லாம் உண்டு. கட்டடங்கள், மஞ்சள் பேருந்துகள், சமையல்கூடங்கள், ஆசிரியர்கள் எல்லாம் அதற்குச் சொந்தம். பெரும்பாலான ஊர்களில் மேயருக்கும் பள்ளிகளுக்கும் நிர்வாகத் தொடர்பே கிடையாது. மேயர் ரோட்டையும் போலீஸையும் தீயணைப்பையும் பார்த்துக்கொள்வார். நியூயார்க் போன்ற சில பெருநகரங்களில் மேயரின் கையில் பள்ளிகள் இருக்கின்றன. ஹவாயில் மாநிலம் முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம்தான். மற்றபடி நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் தனித்தனியாக இயங்குகின்றன.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கன்சாஸ் மாநிலத்தின் தலைநகரம் டொபீக்கா. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,26,587. பெருநகரமும் இல்லை, கிராமமும் இல்லை. நடுத்தர ஊர். இந்த ஊரைத் தேர்ந்தெடுக்க ஒரு பெரிய காரணம் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

டொபீக்காவின் பள்ளி மாவட்டத்துக்கு முறையான பெயர் யூனிஃபைடு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் 501. உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் 501. அது என்ன யூனிஃபைடு? ஒரு காலத்தில் கன்சாஸில் ஓரறைப் பள்ளி ஒவ்வொன்றும் ஒரு தனி மாவட்டம். நாலு பண்ணை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓர் அறை கட்டி, ஓர் ஆசிரியரை அமர்த்தினால் அது ஒரு மாவட்டம். இப்படி ஆயிரக்கணக்கில் இருந்தவற்றை 1963 இல் ஒரு சட்டம் கொண்டுவந்து ஒன்றாக்கி, எண் கொடுத்தார்கள். இன்று மாநிலத்தில் ஏறத்தாழ 285 மாவட்டங்கள் இருக்கின்றன. ஒன்றாக்கியதால் யூனிஃபைடு.

இப்போது எல்லைக்கோட்டுக்கு வருவோம். டொபீக்கா ஊரில் குடியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் பிள்ளை 501 இல்தான் படிக்கும் என்று அர்த்தம் இல்லை. ஊரின் நடுப்பகுதிதான் 501. தென்மேற்கே போனால் ஆபர்ன்-வாஷ்பர்ன் மாவட்டம், அதன் எண் 437. வடக்கே கன்சாஸ் ஆற்றைத் தாண்டி மேலே போனால் சீமன், 345. கிழக்கே ஷானி ஹைட்ஸ், 450. ஊர் வளர வளர நகராட்சி எல்லை வெளியே நகர்ந்துகொண்டே போனது. பள்ளி எல்லை அதோடு சேர்ந்து நகரவில்லை. அதனால் ஒரே ஊர், ஒரே தபால் முகவரி, ஒரே தண்ணீர் பில், ஆனால் நாலு வெவ்வேறு பள்ளி வாரியங்கள், நாலு வெவ்வேறு வரி விகிதங்கள். வீட்டு விளம்பரத்தில் படுக்கையறை எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே பள்ளி மாவட்டத்தின் பெயரைப் போடுவது இதனால்தான்.

மாவட்டத்துக்குள்ளேயும் கோடுகள் உண்டு. எந்த முகவரிக்கு எந்தத் தொடக்கப்பள்ளி, அதை முடித்தால் எந்த நடுநிலைப்பள்ளி, அப்புறம் எந்த உயர்நிலைப்பள்ளி என்று பிரித்து வைத்திருப்பார்கள். 501 இல் பொதுவான உயர்நிலைப்பள்ளிகள் மூன்று: டொபீக்கா ஹை, டொபீக்கா வெஸ்ட், ஹைலேண்ட் பார்க். வீடும் பள்ளியும் ஒரே ஊர் எல்லைக்குள் இல்லாமல், நடுவே இரண்டரை மைலுக்கு மேல் இருந்தால் பேருந்து விட வேண்டியது கன்சாஸில் மாவட்டத்தின் சட்டப்படியான கடமை.

சரி, இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? கன்சாஸில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஏழு பேர் கொண்ட கல்வி வாரியம் இருக்கிறது. நாலு வருடப் பதவி. ஒற்றைப்படை ஆண்டுகளின் நவம்பரில் தேர்தல். இந்த வாரியம் ஒரு சூப்பரின்டெண்டென்டை வேலைக்கு அமர்த்தும். நம்மூர் முதன்மைக் கல்வி அலுவலரோடு அவரை ஒப்பிடத் தோன்றும், ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. முதன்மைக் கல்வி அலுவலரை அனுப்புவது சென்னை. சூப்பரின்டெண்டென்டை அமர்த்துவதும் வேண்டாம் என்று அனுப்புவதும் அந்த ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்த ஏழு பேர். டொபீக்காவில் 2016 இல் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் டிஃபனி ஆண்டர்சன், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பினப் பெண். ஆசிரியர்களும் மாநில அரசு ஊழியர்கள் அல்ல, மாவட்டத்தின் ஊழியர்கள். இடமாறுதல் கலந்தாய்வு என்பதெல்லாம் அங்கே கிடையாது. பக்கத்து மாவட்டத்தில் வேலை செய்ய வேண்டுமானால் இங்கே விட்டுவிட்டு அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாநிலத்துக்கு வேலையே இல்லையா? உண்டு. கன்சாஸ் மாநிலக் கல்வி வாரியம் தனியாக இருக்கிறது, அதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேர். எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும், ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும், பள்ளிக்கு அங்கீகாரம் கொடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் அவர்கள் கையில். பெரும்பாலான வகுப்புகளுக்கு வருடத்துக்குக் குறைந்தது 186 நாள், அல்லது அதற்கு இணையான மணி நேரம் பள்ளி நடக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எந்தப் புத்தகம் வாங்குவது, எந்தப் பள்ளியை மூடுவது, எந்த நாளில் திறப்பது, எவ்வளவு சம்பளம் என்பவை உள்ளூர் வாரியத்தின் முடிவு. வாரியக் கூட்டம் பொதுமக்கள் முன்னால்தான் நடக்கும். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பேர் கொடுத்துச் சில நிமிடம் பேசலாம். ஏழு பேரில் நாலு பேர் கை தூக்கினால் ஒரு தெருவின் பள்ளியே மாறிவிடும். இவ்வளவு அதிகாரம் உள்ள இடத்தைத் தேர்வு செய்யும் தேர்தலுக்கு மிகக் குறைந்த பேர்தான் ஓட்டுப் போட வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இனிமேல்தான் டொபீக்காவைத் தேர்ந்தெடுத்த காரணம். அமெரிக்க வரலாற்றின் மிக முக்கியமான நீதிமன்றத் தீர்ப்புகளில் ஒன்றின் பெயரிலேயே இந்த வாரியம் இருக்கிறது: பிரவுன் எதிர் டொபீக்கா கல்வி வாரியம். 1954 மே 17. வழக்கில் எதிர்த்தரப்பு ஜனாதிபதியோ கவர்னரோ இல்லை. ஒரு நடுத்தர ஊரின் பள்ளி வாரியம்.

1879 இல் கன்சாஸ் போட்ட சட்டம், 15,000 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களில் தொடக்கப்பள்ளிகளை நிறத்தின்படி பிரித்து நடத்தலாம் என்று அனுமதித்தது. நடத்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை, விரும்பினால் செய்துகொள்ளலாம். டொபீக்கா வாரியம் செய்தது. 1950 வாக்கில் வெள்ளைக் குழந்தைகளுக்கு 18 தொடக்கப்பள்ளிகள், கறுப்பினக் குழந்தைகளுக்கு 4. லிண்டா பிரவுன் என்ற ஏழு வயதுச் சிறுமியின் வீட்டுக்கு ஏழு தெரு தள்ளி சம்னர் பள்ளி இருந்தது. அது வெள்ளையருக்கு. அவள் ரயில் யார்டைத் தாண்டி நடந்து, பேருந்து பிடித்து, ஒரு மைலுக்கு அப்பால் இருந்த மன்ரோ பள்ளிக்குப் போக வேண்டும். 1950 இல் அவளுடைய அப்பா ஆலிவர் பிரவுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சம்னருக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முடியாது என்றார்கள்.

அவர் தனியாகப் போகவில்லை. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் டொபீக்கா கிளைக்குத் தலைவர் மெக்கின்லி பர்னெட். அவர் இரண்டு வருடம் வாரியத்திடம் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லாததால், 13 பெற்றோர் 20 பிள்ளைகளின் சார்பில் 1951 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார்கள்.

இந்த வழக்கில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டொபீக்காவின் கறுப்பினப் பள்ளிகள் இடிந்து விழும் கொட்டகைகளாக இருக்கவில்லை. கட்டடம், பாடம், ஆசிரியர் தகுதி எல்லாம் ஏறக்குறைய சமம் என்று கீழ்நீதிமன்றமே சொன்னது. தெற்கு மாநிலங்களில் நிலைமை மிக மோசம். சவுத் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர் வழக்குகளும் இதோடு சேர்த்தே விசாரிக்கப்பட்டன. கட்டடம் சமமாக இருந்ததால்தான் டொபீக்கா வழக்கு அவ்வளவு கூர்மையாக நின்றது: எல்லாம் சமமாகக் கொடுத்துவிட்டோம், இருந்தாலும் பிரித்து வைக்கலாமா? ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூடாது என்றார்கள்.

இதில் வாரியத் தேர்தலுக்கு என்ன பங்கு? 1951 இலேயே பழைய வாரிய உறுப்பினர்கள் சிலர் தேர்தலில் தோற்றார்கள், பழைய சூப்பரின்டெண்டென்டும் போனார். புதிய வாரியத்துக்கு இந்த வழக்கை நடத்துவதில் ஆர்வமே இல்லை. 1952 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் வாதம் தொடங்கியபோது டொபீக்கா வாரியம் தன் தரப்பைச் சொல்ல ஆள் அனுப்பவில்லை. மாநில அரசுதான் ஒரு வழக்கறிஞரை அனுப்பியது. தீர்ப்பு வருவதற்கு எட்டு மாதம் முன்பே, 1953 செப்டம்பரில், பிரிவினையைப் படிப்படியாகக் கைவிடுவதென்று வாரியம் வாக்கெடுத்து முடிவு செய்துவிட்டது. பிரித்ததும் இந்த வாரியம்தான், பிரிவினையைக் கைவிட வாக்களித்ததும் இதே வாரியம்தான். நடுவில் மாறியது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஆனால் கதை அங்கே இனிப்பாக முடிந்துவிடவில்லை. அதே 1953 இல் சூப்பரின்டெண்டென்ட் அலுவலகம் கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதியது. பிரிவினை சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தால், அடுத்த ஆண்டுக்குக் கறுப்பின ஆசிரியர்களை வைத்துக்கொள்ள ஊரில் பெரும்பாலானோர் விரும்பமாட்டார்கள் என்பது அதன் சாரம். பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கலாம் என்ற உரிமைக்கு ஆசிரியர்கள் தங்கள் வேலையைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

சட்டம் மாறியும் தெருக்கள் மாறவில்லை. வீடுகள் நிறத்தின்படி பிரிந்திருந்தால், முகவரிப்படி சேர்க்கும் பள்ளிகளும் அப்படியேதான் இருக்கும். 1979 இல் வழக்கு மறுபடி திறக்கப்பட்டது. இந்த முறை லிண்டா பிரவுன் ஒரு தாய். தன் பிள்ளைகள் படிக்கும் மாவட்டத்தின் மேல் அதே பழைய வழக்கைத் தொடர்ந்தார். பழைய பிரிவினையின் எச்சங்கள் இன்னும் இருக்கின்றன என்று 1992 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. 1994 இல் ஒரு திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டது. சில பள்ளிகளை மூடி, கணினி, அறிவியல், கலை என்று சிறப்புப் பாடங்களைக் காட்டி ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகளை ஈர்க்கும் மேக்னெட் பள்ளிகளைத் திறந்தார்கள். 1999 இல்தான் நீதிமன்றம் வாரியத்தை விடுவித்தது. தொடங்கியதிலிருந்து 48 வருடம். லிண்டா படித்த மன்ரோ பள்ளிக் கட்டடம் இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். தீர்ப்பின் ஐம்பதாம் ஆண்டில், 2004 இல், மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

மாவட்டத்துக்குள் இருக்கும் எல்லைக்கோட்டை நீதிமன்றம் அழிக்கலாம். ஒரு மாவட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருக்கும் கோடு? 1974 இல் டெட்ராய்ட் நகர வழக்கில் அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. புறநகர் மாவட்டங்கள் தாமாகப் பிரிவினைக் குற்றம் செய்ததாக நிரூபிக்கப்படாத வரை, நகரப் பள்ளிகளின் பிரிவினையைச் சரிசெய்யும் திட்டத்தில் அவற்றை இழுத்துச் சேர்க்க முடியாது என்று ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தீர்ப்பானது. ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்ற கோட்டுக்கு அமெரிக்காவில் இருக்கும் பலத்தை இந்த ஒரு தீர்ப்பு சொல்லிவிடும். வசதியுள்ளவர்கள் கோட்டைத் தாண்டிக் குடிபோனார்கள். கோடு நின்ற இடத்திலேயே நின்றது.

அப்புறம் பணம். அந்தக் கோட்டின் வலி தெரிவது இங்கேதான். அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பணம் மூன்று இடங்களிலிருந்து வருகிறது: மாநில அரசு, உள்ளூர்ச் சொத்து வரி, மத்திய அரசு. மத்திய அரசின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்று. மற்ற இரண்டின் விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கன்சாஸில் மாநிலத்தின் பங்கே பெரியது.

சொத்து வரியை மில் என்ற அளவில் சொல்வார்கள். வரிக்கான மதிப்பில் 1,000 டாலருக்கு 1 டாலர் என்றால் அது ஒரு மில். கன்சாஸில் குடியிருப்பு வீட்டின் சந்தை மதிப்பில் 11.5 சதவீதம்தான் வரிக்கான மதிப்பு. 2,00,000 டாலர் வீடு என்றால் 23,000 டாலருக்கு வரி. மாநிலம் முழுக்கப் பள்ளிகளுக்கென்று போடும் 20 மில் கணக்கில், வருடத்துக்கு 460 டாலர். வீட்டு மதிப்பில் ஒரு பகுதிக்கு விலக்கு உண்டு என்பதால் உண்மையில் கட்டுவது இதைவிடக் குறைவு. இதற்கு மேல் உள்ளூர் வாரியம் தன் பங்குக்கு வரி போட்டுக்கொள்ளலாம், அதற்கும் மாநிலம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. புதுக் கட்டடம் கட்டக் கடன் பத்திரம் விட வேண்டுமென்றால் ஊர் மக்களின் வாக்கெடுப்பில் ஜெயிக்க வேண்டும்.

பெரிய கடைகளும் விலையுயர்ந்த வீடுகளும் உள்ள மாவட்டத்தில் ஒரு மில் போட்டால் நிறையப் பணம் வரும். ஏழை மாவட்டத்தில் அதே ஒரு மில் கொஞ்சம்தான் தரும். ஏழைப் பெற்றோர் அதிக விகிதத்தில் வரி கட்டியும் பிள்ளைக்குக் குறைவாகவே கிடைக்கும். டெக்சாஸின் சான் அன்டோனியோ ஊரில் ஒரு ஏழை மாவட்டத்தின் பெற்றோர் இது அநியாயம் என்று வழக்குப் போட்டார்கள். 1973 இல் உச்ச நீதிமன்றம், கல்வி அமெரிக்க அரசியலமைப்பின்படி அடிப்படை உரிமை அல்ல என்று கைவிரித்துவிட்டது. அதற்குப் பிறகு இந்தச் சண்டை மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது. கன்சாஸில் விசிட்டா, ஹட்சின்சன், டாட்ஜ் சிட்டி, கன்சாஸ் சிட்டி ஆகிய நாலு மாவட்டங்கள் 2010 இல் தொடுத்த வழக்கு 2024 வரை மாநில உச்ச நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருந்தது. பள்ளிக்குப் பணம் போதவில்லை என்று பள்ளி மாவட்டமே மாநில அரசை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியும் என்பதே நமக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

மாநிலப் பணம் தலைக்கணக்கில் வரும். கன்சாஸில் செப்டம்பர் 20 முக்கியமான நாள், அன்று எத்தனை பிள்ளைகள் பதிவில் இருக்கிறார்கள் என்று எண்ணுவார்கள். எல்லாத் தலைக்கும் ஒரே எடை இல்லை. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ள ஏழைப் பிள்ளைக்கும், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கும் கூடுதல் எடை உண்டு. கூடுதல் கவனம் வேண்டிய பிள்ளைக்குக் கூடுதல் பணம் என்பது நல்ல ஏற்பாடு. 501 போன்ற நகர மாவட்டங்கள் ஓரளவு தாக்குப்பிடிப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது என் கருத்து. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பணமும் குறையும். அப்போதுதான் பள்ளிகளை மூடும் பேச்சு எழுகிறது, வாரியக் கூட்ட அறை நிரம்பி வழிகிறது. 2024-25 கல்வியாண்டிலிருந்து கன்சாஸில் இடம் இருந்தால் வெளி மாவட்டப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதால், கோட்டின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் தினமும் கொண்டுபோய் விடக் காரும் நேரமும் உள்ள குடும்பத்துக்குத்தான் அந்த வாசல் திறக்கும்.

புதிதாகப் போய்ச் சேர்பவர்களுக்கு ஒரு சில வார்த்தைகள். பள்ளியில் சேர்க்க வாடகை ஒப்பந்தம் அல்லது மின் கட்டண ரசீது போன்ற முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பட்டியல் கேட்பார்கள். கல்விக் கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வும் கிடையாது. அந்த எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளையை மாவட்டம் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும். விசா இல்லாத பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று 1982 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் எதிர்த்தரப்பு டெக்சாஸில் டைலர் என்ற ஊரின் பள்ளி மாவட்டம்தான். பிள்ளைக்குக் கற்றல் குறைபாடோ உடல் குறைபாடோ இருந்தால் மறைக்காதீர்கள். 1975 சட்டத்தின்படி அந்தப் பிள்ளைக்கென்று தனித் திட்டம் எழுதி, பெற்றோரை உட்காரவைத்துப் பேசி, இலவசமாகக் கற்பிக்க வேண்டியது மாவட்டத்தின் பொறுப்பு. அந்தத் தனித் திட்டத்தை ஐ.இ.பி. என்பார்கள். எழுத்தில் கேளுங்கள், கட்டாயம் பதில் வரும்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு கேள்வி இருக்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோர் உண்டு. அப்படி எழுத வேண்டாம். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு சிறு தேர்வு வைப்பார்கள். தேறிவிட்டால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் தினமும் கொஞ்ச நேரம் ஆங்கிலத்துக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரின் உதவி கிடைக்கும், அதற்கான பணமும் செப்டம்பர் 20 கணக்கில் சேர்ந்து அந்த மாவட்டத்துக்கு வரும்.